கனத்த காமிராவும் மூன்று கால்களும்



வகுப்பறையில் நீங்கள் அமரும் பெஞ்சு சில வேளைகளில் ஆடும். உடனே ஒரு தாளை மடித்து அதன் ஒரு காலின் கீழே செருகுவீர்கள், ஆட்டம் நின்றுவிடும். ஆனால் ஒரு முக்காலியின் கீழே எவரேனும் தாளை மடித்து வைக்கக் கண்டதுண்டா? இல்லை. அதற்குத் தேவையே எழுவதில்லை. தரை மேடும் பள்ளமுமாய் இருப்பினும் முக்காலியின் மூன்று கால்களும் நிலத்தைத் தொட்டே நிற்கும். ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரு தளம், ஒரே ஒரு தளந்தான் செல்லும் என்று வடிவ கணிதத்தில் படித்திருக்கிறீர்கள். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமையவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பெஞ்சின் நான்காவது கால் செய்யும் குறும்பு இதுவேயாகும். கணித நூலைக் கையால் தொடாத நம் பாட்டிமார்களும் இதை அறிந்திருந்தனர். ஆகவேதான் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள்.

புகைப்படக் கலைஞர்கள் காமிராவை நிறுத்தி வைக்கும் தாங்கிக்கு மூன்று கால்கள் அமைந்ததும் இக்காரணம் பற்றியே. கடைகளில் அதனை ட்ரைபாட் என்பார்கள். நாம் முக்காலி என்றே அழைப்போம். கனமான காமிராவையும் லென்ஸையும் தாங்குவதற்குரிய முக்காலியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அதனை எவ்வாறு தீங்கின்றிக் கையாளுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஆடாமல் நிற்பது வேறு, விழாமல் நிற்பது வேறு. மூன்று கால் பொருள் ஆடாது. ஆயினும் அது எளிதில் சாயும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்கு மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

முதலில் சற்றே பழங்கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தப் பெற்றவர். அவர் 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அவர் கையாண்டது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேற்பட்ட நீளமுடையது. அத்துணைப் பெரிய தாளைக் கொள்ளும் பெட்டி எவ்வளவு பெரியதாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தக் காகிதம் ஒளியை மெல்ல மெல்லவே ஏற்கும்; அதுவரை பெட்டி அணுவளவும் அசையலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஒரு படம் மற்றொன்றோடு பொருந்தவேண்டுமெனின் காமிரா ஒவ்வோரிடத்திலும் ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் நின்றிருக்கவேண்டும். கலைஞனின் கண்ணும் கையும் எவ்வளவு தேர்ந்தவையாயினும், கீழே நிற்கும் தாங்கி உறுதியற்றதாயின் இத்தகைய பணி கைகூடாது.

இன்று காமிராக்கள் மிகவும் சிறுத்துவிட்டன. சட்டைப் பையில் உள்ள தொலைபேசியே படமெடுக்கிறது. ஆயினும் பறவைகளையும் விலங்குகளையும் விளையாட்டையும் தொலைவிலிருந்து படமெடுப்போர்க்குக் கனமான கருவிகள் இன்றும் தேவைப்படுகின்றன. 600 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள பெரிய லென்ஸ் ஒன்று ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையுள்ளது. அதனோடு சேரும் காமிரா 1 கிலோ அல்லது அதற்குச் சற்று மேற்படும். முக்காலியின் தலைப்பகுதியையும் கூட்டினால் 4 1/2 கிலோ அளவுக்கு வந்துவிடும். இவ்வெடை மனிதனின் மார்பளவு உயரத்தில், மூன்று மெல்லிய குழாய்களின் மேல் நிற்கிறது.

இத்தகைய லென்ஸ் தொலைவிலுள்ள பொருளை மட்டும் பெரிதாக்குவதில்லை. நம் கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. காமிரா ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு அசைந்தது என்று கொள்வோம். 100 மீட்டர் தொலைவில் அது 1.7 சென்டிமீட்டர் விலகலாகிவிடும். ஒரு கொக்கின் கண்ணைக் காட்டிலும் பெரிய அளவு அது. கண் தெளிவாக விழாத பறவைப் படத்தை யார் விரும்புவார்?

இனி, சாய்தல் என்பதை ஆராய்வோம். முக்காலியின் மூன்று அடிகளையும் கோடுகளால் இணைத்தால் தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். பாரம் முழுவதன் ஈர்ப்பு மையத்திலிருந்து விடப்படும் குத்துக்கோடு அம்முக்கோணத்தின் உள்ளே விழும்வரை முக்காலி நிற்கும். வெளியே விழுந்த கணமே சாயும். முக்கோணம் சமபக்கமுடையது என்று கொண்டால், அதன் மையத்திலிருந்து ஒரு மூலைக்கு உள்ள தூரத்தில் சரிபாதியே ஒரு பக்கத்துக்கு உள்ள தூரம். அதாவது, மூலை 60 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின் பக்கம் 30 சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கும். ஆகவே முக்காலி கால் நிற்கும் திசையில் வலிமையுடையது. இரு கால்களுக்கு இடைப்பட்ட திசையில் அதன் வலிமை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். காமிராவும் லென்ஸும் தலையும் 4 1/2 கிலோ, முக்காலி 2 1/2 கிலோ. ஆக 7 கிலோ. உயரம் 150 சென்டிமீட்டர். பக்கத்தின் தூரம் 30 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி, உச்சியில் எவ்வளவு விசை பட்டால் இது சாயத் தொடங்கும்? 7ஐ 30ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் 1.4 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். ஓடிவரும் ஒரு சிறுவனின் தோள் பட்டாலே இவ்விசைக்கு மேல் ஆகிவிடும்! அதே முக்காலியின் நடுவில் 5 கிலோ எடையுள்ள பையைத் தொங்கவிட்டால் மொத்தம் 12 கிலோ. சாய்க்க வேண்டிய விசை 2.4 கிலோவாக உயரும். கால்களை விரித்தவாறே வைத்து உயரத்தைப் பாதியாக்கினாலோ விசை இரண்டு மடங்காகும். விரிவும் எடையும் மிகுந்தால் உறுதி மிகும். உயரம் மிகுந்தால் உறுதி குன்றும். இதுவே முக்காலிச் சாத்திரத்தின் சாரம்.

நிற்க. கடைக்குச் செல்லும்போது கவனிக்கவேண்டியவை யாவை?

முதலாவது, தாங்கும் எடை. முக்காலியின் மீது இத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதனை அளக்கும் முறை எல்லாத் தயாரிப்பாளர்க்கும் பொதுவானதன்று. ஆகவே உங்கள் கருவியின் எடையைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு தாங்குவதாகக் குறித்ததையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. கால்களுக்கு ஓர் அளவும் தலைக்கு வேறோர் அளவும் குறித்திருந்தால், குறைந்த அளவையே கணக்கில் கொள்ளுங்கள். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ?

இரண்டாவது, காலின் பருமன். குழாயின் சுவர்க்கனம் ஒன்றாகவே இருக்க, அதன் விட்டம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். கால்கள் ஒன்றனுள் ஒன்று நுழையும் துண்டுகளாக அமைந்திருக்கும். துண்டுகள் மிகுதியாயின் மடித்தபோது முக்காலி குட்டையாகி, தூக்கிச் செல்ல எளிதாகும்; ஆனால் கடைசித் துண்டு விரல்போல் மெலிந்துவிடும். கனத்த கருவிக்கு மூன்று அல்லது நான்கு துண்டுகளும், மேல் துண்டு 32 மில்லிமீட்டர் அளவோ அதற்கு மேலோ உள்ள முக்காலியும் ஏற்றவை.

மூன்றாவது, செய்பொருள். அலுமினியம் விலை குறைவு. வளைந்தாலும் எளிதில் உடையாது. கரிநார் எனப்படும் கார்பன் ஃபைபர் எடை குறைவு; அதிர்வை விரைவில் அடக்கும்; விலை மிகுதி; கூரிய கல்லில் பலமாக மோதினால் விரிசல் காணக்கூடும். மரக்கால்கள் கனமுடையவை, எனினும் அதிர்வை அடக்குவதில் மிகச் சிறந்தவை. அலுமினியம், கரிநார் ஆகிய இரண்டும் மின்சாரத்தைக் கடத்துவன என்பதை மறவாதீர்கள். விரித்த முக்காலியைத் தோளில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மின்கம்பிகளின் கீழே நடக்கலாகாது. இடி முழங்கினால் திறந்த வெளியில் நிற்காமல் உடனே கட்டடத்துள் செல்லவேண்டும். படம் இன்னொரு நாள் கிடைக்கும்.

நான்காவது, நடுத்தண்டு. சில முக்காலிகளில் நடுவே ஒரு தண்டு மேலெழும்பும். அதனை உயர்த்தியவுடன் முக்காலியின் மேல் ஓர் ஒற்றைக்கால் நின்றதுபோல் ஆகிவிடுகிறது. காற்றுக்கும் அதிர்வுக்கும் அது இடங்கொடுக்கும். கனத்த லென்ஸ் உடையவர்கள் நடுத்தண்டு இல்லாத முக்காலியை வாங்குவதே நன்று. தண்டு இருப்பின் அதனை இறக்கியே வைக்கவேண்டும்.

ஐந்தாவது, தலை. ஒரு பந்தை இறுக்கிப் பிடிக்கும் அமைப்புடைய பால் ஹெட் எந்தப் பக்கமும் விரைவில் திரும்பும். ஆனால் திருகு தளர்ந்த நொடியில் கனத்த லென்ஸ் தலைகுப்புறக் கவிழும். கவிழும்போது எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சென்று முக்காலியையே இழுத்துச் சாய்த்துவிடும், விரலும் நசுங்கும். நீண்ட லென்ஸுக்கு ஏற்றது கிம்பல் ஹெட் என்பது. அதில் லென்ஸ் ஊஞ்சல்போல் அமர்கிறது. முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்துவிட்டால், கையை எடுத்தாலும் அது இருந்த நிலையிலேயே இருக்கும். ஒரு விரலால் திருப்பலாம். அசையும் படமெடுப்போர் ஃப்ளூயிட் ஹெட் என்பதைக் கொள்வார்கள். அதனுள் உள்ள கெட்டியான திரவம் திருப்பத்தை மெதுவாக்கி ஒழுங்குபடுத்துகிறது.

ஆறாவது, இணைப்பு. காமிராவின் அடியில் பெரும்பாலும் 1/4 அங்குலத் திருகுத்துளை இருக்கும். கனத்த லென்ஸ்களின் அடியிலும் முக்காலியின் உச்சியிலும் 3/8 அங்குல அளவைக் காணலாம். கனத்த லென்ஸுக்கு அதன் நடுவில் ஒரு வளையமும் பாதமும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாதத்தையே முக்காலியில் பொருத்தவேண்டும்; காமிராவின் அடியைப் பொருத்தலாகாது. காரணம் வெளிப்படை. 3 கிலோ எடை ஆதாரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னே தொங்கினால் ஏற்படும் திருப்புவிசை, 5 சென்டிமீட்டர் முன்னே இருக்கும்போது ஏற்படுவதைப்போல் நான்கு மடங்கு. அந்தத் திருப்புவிசை முழுவதையும் காமிராவின் வாய்வளையம் தாங்கவேண்டிவரும்.

விலையைப் பற்றி ஒரு சொல். கடன் பெற்றுப் பல்லாயிரம் ரூபாயில் காமிரா வாங்கும் இளைஞர், முக்காலிக்கு மட்டும் கடையில் உள்ளவற்றுள் மிக மலிவானதைக் கேட்கிறார். காமிரா சில ஆண்டுகளில் பழையதாகிவிடும்; நல்ல முக்காலியோ இருபது ஆண்டு உழைக்கும். கடையிலேயே அதனைச் சோதியுங்கள். கால்களை முழுவதும் நீட்டி விரித்து, உச்சியில் இரு கைகளையும் ஊன்றி அழுத்துங்கள். எந்தத் துண்டும் உள்ளே வழுக்கலாகாது. உச்சியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகுங்கள், நெகிழ்ந்து கொடுக்கலாகாது. காமிராவைப் பொருத்தி, திரையில் உருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, ஒரு காலை விரலால் தட்டுங்கள். நடுக்கம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். விரைவில் அடங்குவதே நல்ல முக்காலி.

இனிக் கையாளும் முறை. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், நடைபாதையை அடைக்காதீர்கள். கால்களை அவற்றின் தடுப்பு முட்டும்வரை முழுதாக விரியுங்கள். நீட்டும்போது பருத்த மேல் துண்டுகளை முதலில் நீட்டுங்கள். மெலிந்த கீழ்த் துண்டுகளைத் தேவைக்கு மட்டும். ஒவ்வொரு பூட்டையும் கையால் தொட்டு இறுக்கம் பாருங்கள். லென்ஸ் நோக்கும் திசையில் ஒரு காலை வையுங்கள். முன்பக்கம் எடை மிகுந்தாலும் அங்கே ஒரு கால் ஊன்றி நிற்கும். உங்கள் பாதங்களுக்கும் மற்ற இரு கால்களின் நடுவே இடம் கிடைக்கும். சரிவான நிலமாயின் நில அளவையாளர்களின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்: இரு கால்கள் தாழ்வான பக்கம், ஒரு கால் குட்டையாக மேட்டுப்பக்கம். பின்னர் ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி உச்சியிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். கல் முக்கோணத்தின் நடுவே நிற்கவேண்டும்.

பளிங்குத் தரைக்கு ரப்பர் அடி. மண்ணுக்குக் கூரிய இரும்பு அடி. பையை நடுக்கொக்கியில் தொங்கவிடும்போது அது தரையை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாகி, உதவ வந்ததே கேடாய் முடியும். காற்று பலமாக வீசினால் உயரத்தைக் குறையுங்கள், உட்கார்ந்தே படமெடுங்கள்.

கருவியைப் பொருத்தும்போது ஒரு கை எப்பொழுதும் லென்ஸைத் தாங்கியிருக்கவேண்டும். பூட்டை இறுக்கிய பின் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். தகடு வழுக்காமலிருக்க முனைகளில் தடுப்புத் திருகு உண்டா என்றும் பாருங்கள். இவற்றின் பின்னரே கையை எடுக்கலாம். தலையின் திருகைத் தளர்த்துமுன் லென்ஸைப் பிடித்துக்கொள்வதும் அவ்வாறே. கனத்த காமிராவைப் பொருத்தியவாறே முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தினூடே நடப்பதை விட்டுவிடுங்கள். பின்னே வருபவரின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திய முக்காலியைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் விழாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி வரிசைகளுக்கு இடையே இடம் குறுகியிருந்தமையால் முக்காலியின் கால்கள் பாதியளவே விரிந்திருந்தன. முன்னிருப்போர் தலைகளுக்கு மேலே தெரியவேண்டுமென்று நடுத்தண்டு முழுவதும் உயர்த்தப்பட்டிருந்தது. மின்கம்பி ஒன்று வழியின் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பரிசு பெறத் தன் பெயர் அழைக்கப்பட்டதும் ஒரு சிறுமி எழுந்து மேடைக்கு ஓடினாள். அடுத்து ஓடிய சிறுவனின் கால் கம்பியில் பட்டது. காமிரா சாய்ந்து, அச்சிறுமி எழுந்து சென்ற வெற்று நாற்காலியின் மேல் விழுந்தது. நாற்காலியின் முதுகு உடைந்தது, லென்ஸும் உடைந்தது. தவணை முடியாத கருவி அது என்று அவ்விளைஞர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. எனினும் நாங்கள் அனைவரும் நோக்கியது அந்த நாற்காலியைத்தான்.

முன்னர் இட்ட கணக்கை இங்கே மீண்டும் போடுங்கள். கால் பாதி விரிந்தால் பக்கத்தின் தூரம் 30 அன்று, 15 சென்டிமீட்டர். தண்டு உயர்ந்தமையால் உயரம் 150 அன்று, 180. அதே 7 கிலோவைக் கொண்டால், சாய்க்கப் போதுமான விசை 600 கிராம் எடையையும் எட்டாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளோ, தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்குக் குறையாத வேகம் பெறும். செங்கல்லினும் கனமான ஒன்று அவ்வேகத்தில் ஒரு குழந்தையின் தலையில் விழுவதை எண்ணிப் பாருங்கள். கம்பியைத் தரையோடு ஒட்டி நாடா போட்டிருந்தால், கால்களை முழுதாக விரிக்குமளவு இரண்டு நாற்காலிகளை அகற்றியிருந்தால், அந்த மாலை இனிதே முடிந்திருக்கும்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் கதிரவன் வளையமாய்த் தோன்றிய கிரகணம் நிகழ்ந்தது. அத்தகைய நாள்களில் கருவிகளைச் சூழ்ந்து மாணவர் திரளுவது இயல்பு. இனி அவ்வாறு ஒரு வாய்ப்பு வரும்போது, முக்காலியைச் சுற்றி இரண்டு அடி தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள். ஒருவர் பின் ஒருவராக வரச் செய்யுங்கள். ஒரு மாணவனைக் காவலாக நிறுத்துங்கள். வேடந்தாங்கலின் ஏரிக்கரையில் பறவை காணச் சென்றாலும் கரைவழி எல்லார்க்கும் பொது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பழஞ்சின்னங்களில் முக்காலி வைக்குமுன் அங்குள்ள அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். கூரிய இரும்படியை ஆயிரமாண்டுக் கற்றளத்தில் ஊன்றாதீர்கள். கோடிக்கரை போன்ற கடலோரத்தில் பயன்படுத்திய முக்காலியை வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து, ஈரம் போக உலர்த்துங்கள். உப்பும் மணலும் உள்ளே தங்கினால் பூட்டு நாளடைவில் பிடிப்பை இழக்கும். பிடிப்பிழந்த பூட்டு முன்னறிவிப்பின்றி வழுக்கும்.

மாணவச் செல்வங்களே! படம் நன்றாயிருப்பின் காமிராவைப் புகழ்வார்கள், எடுத்தவரைப் புகழ்வார்கள். கீழே நின்ற மூன்று கால்களை எவரும் நினைப்பதில்லை. அதனால் அவற்றுக்குக் குறைவொன்றும் இல்லை. ஆனால் அவற்றை நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது. உங்களுக்குக் கல்லூரியில் கற்பிக்கப்படும் ஈர்ப்பு மையமும் நெம்புகோலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அருகே நிற்கும் ஒரு குழந்தையின் தலையைக் காப்பதற்கும் அவை பயன்படும். அடுத்த முறை ஒரு முக்காலியை விரிக்கும்போது, காமிராவின் கண்வழியே நோக்குமுன், கீழே குனிந்து மூன்று அடிகளையும் ஒருமுறை பாருங்கள்.